வாழைப்பூவை மோரில் போடுவது ஏன்?

வாழைப்பூவை ஆய்ந்து, ஒவ்வொரு பூவிலும் கள்ளன் எடுத்து, பொடியாக நறுக்கி முடிப்பதற்குள் முதலில் நறுக்கியது கறுத்துவிடும். அதனால்தான் பக்கத்திலேயே ஒரு பாத்திரத்தில் மோர் கலந்த தண்ணீரை வைத்துக்கொண்டு, நறுக்க நறுக்க அதில் தள்ளுகிறோம். வாழைத்தண்டுக்கும் அதே வைத்தியம்தான். வாழைக்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் வெறும் தண்ணீரே போதும் என்று விட்டுவிடுகிறோம். ஏன் மோர், ஏன் பால் இல்லை, வெறும் தண்ணீர் எப்படிப் பாதி வேலை செய்கிறது என்றெல்லாம் அடுப்படி அவசரத்தில் யாரும் கேட்பதில்லை. டீ கொதித்து இறங்கும் வரை நமக்கு நேரம் இருக்கிறது, கேட்டுப் பார்ப்போம். அந்த டீக்கும் இதில் பங்கு உண்டு.

நறுக்கியது ஏன் கறுக்கிறது என்று பத்துப் பேரிடம் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அதுல இரும்புச்சத்து இருக்குல்ல, காத்து பட்டதும் துரு பிடிக்குது." ஆப்பிளைப் பற்றியும் இதையே சொல்வார்கள். கறுக்கக் கறுக்கச் சத்து அதிகம் என்று குழந்தையிடம் தட்டை நீட்டும் பெற்றோரையும் பார்க்கலாம். இந்தப் பதிலை முட்டாள்தனம் என்று தள்ள முடியாது. காற்றுப் பட்டால்தான் கறுக்கிறது என்பது சரியான கவனிப்பு. இரும்பு விஷயத்தில்தான் கோளாறு.

சரிபார்க்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. 100 கிராம் ஆப்பிளில் இருக்கும் இரும்பு ஏறத்தாழ 0.1 மில்லிகிராம், அதாவது இல்லை என்றே சொல்லிவிடலாம். முருங்கைக்கீரையில் அதைப் போலப் பல மடங்கு இருக்கிறது. உருவிப் போட்ட முருங்கைக்கீரை வாடுமே தவிர, ஐந்து நிமிடத்தில் துருப்பிடித்து நாம் பார்த்ததில்லை. இன்னும் உறுதியான சோதனை ஒன்று உண்டு. ஆப்பிளில் இரண்டு துண்டு நறுக்குங்கள். ஒன்றை அப்படியே தட்டில் வையுங்கள். இன்னொன்றை உடனே கொதிக்கும் தண்ணீரில் மூன்று நான்கு நிமிடம் போட்டு எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். பச்சைத் துண்டு பழுப்பேறும், வெந்தது வெளுப்பாகவே கிடக்கும். இரும்பு ஓர் உலோகம், அது வெந்நீரில் அழியாது. கறுப்புக்குக் காரணம் இரும்பு என்றால் வெந்த துண்டும் கறுத்திருக்க வேண்டுமே. ஆக, நாம் தேடுகிற ஆள் வெந்நீருக்குத் தாங்காத ஆள்.

இரும்புக்கு இந்தக் கதையில் இடமே இல்லையா என்றால், ஒரு மூலையில் உண்டு. இரும்பு அரிவாள்மனையில் நறுக்கினால் கறுப்பு கூடுதலாகத் தெரிவது உண்மைதான். துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் மை போன்ற கருநீலம் வரும். கலம்காரித் துணியில் கடுக்காயையும் இரும்புக் கரைசலையும் கொண்டு கறுப்பு ஏற்றுவது இந்த வித்தைதான். ஆனால் அங்கே இரும்பு வருவது கத்தியிலிருந்து, காயிலிருந்து அல்ல. எவர்சில்வர் கத்தியால் நறுக்கினாலும் வாழைப்பூ கறுக்கத்தான் செய்கிறது.

வெந்நீருக்குத் தாங்காத அந்த ஆள் ஒரு நொதி, என்சைம் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தது. இதன் முழுப் பெயர் பாலிபீனால் ஆக்சிடேஸ். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். வாழைப்பூவிலும் கத்தரிக்காயிலும் தேயிலையிலும் துவர்ப்பைத் தருகிற பொருள்களுக்குப் பாலிபீனால் என்று பெயர். அவற்றை ஆக்சிஜனோடு சேர்த்து வைக்கிற நொதி என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். உலோகம் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஓர் ஆறுதல்: இந்த நொதியின் நடுவே உலோகம் இருக்கிறது. இரும்பு அல்ல, செம்பு, அதுவும் இரண்டே இரண்டு அணுக்கள்.

இனி நொதி என்றால் என்ன பொருள் என்று பார்ப்போம். கிட்டத்தட்ட எல்லா நொதிகளும் புரதங்கள்தான். புரதம் என்பது அமினோ அமிலங்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாகக் கோத்த ஒரு நீளச் சங்கிலி. அந்தச் சங்கிலி நீட்டிக் கிடந்தால் எதற்கும் உதவாது. தனக்கென்று ஒரு விதமாக மடங்கிச் சுருண்டால்தான் அது நொதி. தலையில் குடம் சுமப்பவர்கள் துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். துண்டு விரிந்தபடியே இருந்தால் குடம் நிற்காது. சுருட்டி வளைத்ததும் நடுவில் ஒரு குழி உண்டாகிறது, குடத்தின் அடி அதில் வாகாக உட்காருகிறது. நொதியிலும் இப்படி ஒரு குழி உண்டு. நம் நொதியின் குழியில்தான் அந்த இரண்டு செம்பு அணுக்களும் இருக்கின்றன. பாலிபீனாலும் ஆக்சிஜனும் அங்கே வந்து, சரியான கோணத்தில், சரியான நெருக்கத்தில் சந்திக்கின்றன. மற்ற பொருள்கள் அந்தக் குழிக்குப் பொருந்துவதில்லை. அதனால்தான் ஒவ்வொரு நொதிக்கும் ஒரு வேலை, மிஞ்சினால் இரண்டு மூன்று வேலை.

குழியை விட்டு வெளியே வரும்போது பாலிபீனால் குயினோன் என்ற பொருளாக மாறியிருக்கிறது. குயினோன் சும்மா இருக்காது. பக்கத்துக் குயினோனோடும், அருகில் இருக்கும் புரதங்களோடும் ஒட்டி ஒட்டிப் பெரிதாகும். அப்படித் திரண்டதுதான் நாம் பார்க்கும் பழுப்பு, பிறகு கறுப்பு. கவனியுங்கள், நொதியின் வேலை முதல் படியோடு முடிந்துவிட்டது. அதற்கு மேல் நடப்பதெல்லாம் தானாக நடப்பது. நொதியே இல்லாவிட்டாலும் பாலிபீனாலும் ஆக்சிஜனும் என்றைக்காவது சேரத்தான் போகின்றன. அந்த 'என்றைக்காவது' என்பதை நொதி 'இப்போதே' ஆக்குகிறது. நடக்கவே முடியாத ஒன்றை எந்த நொதியாலும் நடத்திக்காட்ட முடியாது.

வேலை முடிந்ததும் நொதி காலியாகிவிடுவதில்லை. குழி காலியானதும் அடுத்த ஆளை ஏற்றுக்கொள்கிறது. நம் ரத்தத்தில் கரியமில வாயுவைக் கையாளும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியின் ஒரே ஒரு மூலக்கூறு, ஒரு விநாடியில் ஏறத்தாழ பத்து லட்சம் முறை இதைச் செய்யக்கூடியது. துளியூண்டு நொதி இவ்வளவு பெரிய காரியம் செய்வது இதனால்தான். நம் வாழைப்பூ நொதி இந்த விஷயத்தில் கொஞ்சம் துரதிர்ஷ்டசாலி. தான் உண்டாக்கிய குயினோனே திரும்பி வந்து தன்மேல் ஒட்டிக்கொண்டு, சிறிது நேரத்தில் தன்னையே முடக்கிவிடும்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். நொதியும் பாலிபீனாலும் இரண்டுமே பூவுக்குள்தான் இருக்கின்றன என்றால், மரத்தில் இருக்கும்போதே ஏன் கறுக்கவில்லை? ஒரே செல்லுக்குள் அவை தனித்தனி அறைகளில் இருக்கின்றன. பாலிபீனால் செல்லின் நடுவே நீர் நிறைந்த பையில் இருக்கிறது. நொதி வேறிடத்தில், பச்சையமும் அதன் உறவுகளும் இருக்கும் சிறு கூடுகளில். நடுவே மெல்லிய சவ்வுகள். கத்தி பட்டதும் சவ்வு கிழிகிறது, இரண்டும் கலக்கின்றன, வெளியிலிருந்து காற்றும் வருகிறது. கத்தியின் இடத்தில் புழுவின் வாயை வைத்துப் பாருங்கள். கடித்த இடத்தில் உண்டாகும் அந்தக் கசப்புப் பழுப்பு, பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எதிரான செடியின் தற்காப்பு என்றே தாவரவியலார் கருதுகிறார்கள்.

ஃபிரிட்ஜில் வைத்த வாழைப்பழத்தின் தோல் கறுத்துப்போவதும் இந்த அறை உடைந்த கதைதான். வாழை வெப்ப நாட்டுப் பயிர். ஏறத்தாழ 13 டிகிரிக்குக் கீழே போனால் தோலின் செல் சவ்வுகள் கெட்டு ஒழுகத் தொடங்கும். கத்தியே இல்லாமல் நொதியும் பாலிபீனாலும் சேர்ந்துவிடும். உள்ளே பழம் நன்றாகவே இருக்கும், தோலைப் பார்த்து வீசிவிட வேண்டாம்.

குளிர் நொதியை மந்தமாக்கும் என்பார்களே, பிறகு எப்படி என்று கேட்கலாம். மந்தமாக்கும்தான். வெப்பம் என்றால் மூலக்கூறுகளின் ஓட்டம். ஓட்டம் கூடினால் பாலிபீனால் குழியைத் தேடி வந்து மோதுவதும் கூடும். தோராயமாக ஒவ்வொரு 10 டிகிரிக்கும் நொதியின் வேகம் இரட்டிப்பாகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். நறுக்கிய ஆப்பிள் மேசையில் இருப்பதைவிட ஃபிரிட்ஜில் மெதுவாகக் கறுப்பது இந்தக் கணக்கால். வாழைத்தோலில் நொதி மெதுவாகத்தான் நகர்கிறது, ஆனால் அதற்குப் பல நாள் அவகாசம் கிடைக்கிறது.

அப்படியானால் சூடு ஏற ஏற வேகம் ஏறிக்கொண்டே போக வேண்டும் அல்லவா? போகாது. சங்கிலியை மடிப்பில் பிடித்து வைத்திருப்பவை சின்னச் சின்ன ஈர்ப்புகள். சூட்டில் சங்கிலி உதற உதற, ஒரு கட்டத்துக்கு மேல் அந்தப் பிடிகள் விடுபடுகின்றன. சும்மாடு அவிழ்ந்துவிட்டது. துண்டில் ஒரு நூல்கூடக் குறையவில்லை, ஆனால் குழி போய்விட்டது. நம் நொதிக்கு 70 டிகிரிக்கு மேல் சில நிமிடங்கள் போதும், கதை முடிந்தது. வெந்த ஆப்பிள் துண்டு வெளுப்பாகவே இருந்ததன் காரணம் இது. அவிழ்ந்த புரதம் மற்ற புரதங்களோடு சிக்கிக்கொள்வதால் பெரும்பாலும் பழைய வடிவுக்குத் திரும்பாது. அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ஆறிய பிறகும் நீராவதில்லையே, அங்கே நடந்ததும் புரதம் அவிழ்ந்து சிக்கியதுதான்.

குளிருக்கும் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதில்தான். குளிரில் சும்மாடு அவிழ்வதில்லை, வெறுமனே காத்திருக்கிறது. ஃப்ரீசரில் மாதக்கணக்கில் வைத்தாலும் வெளியே எடுத்ததும் நொதி விட்ட இடத்திலிருந்து தொடங்கும். பனிக்கட்டி செல்களைக் குத்திக் கிழித்திருப்பதால் முன்னைவிட மோசமாகவும் கறுக்கும். கடையில் வாங்கும் உறைந்த பச்சைப்பட்டாணியை உறைய வைப்பதற்கு முன் வெந்நீரில் முக்கி எடுத்திருப்பார்கள். முதலில் சூட்டால் நொதிகளை முடக்கிவிட்டு, பிறகுதான் குளிருக்கு அனுப்புகிறார்கள்.

எந்தச் சூட்டில் அவிழும் என்பது நொதிக்கு நொதி மாறும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஒரு பாக்டீரியாவை தாமஸ் பிராக், ஹட்சன் ஃபிரீஸ் என்ற இருவர் 1969-இல் விவரித்து எழுதினார்கள். அதன் நொதி 95 டிகிரியையும் தாங்கும். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்த பிசிஆர் பரிசோதனை மாதிரியைத் திரும்பத் திரும்பச் சூடேற்றி ஆற்றுகிற ஒன்று. இப்படி ஒரு நொதி கிடைக்காமல் இருந்திருந்தால் அது இவ்வளவு சுலபமாக நடந்திருக்காது.

இப்போது மோருக்கு வருவோம். அமினோ அமிலங்களில் சில மின்னேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று இழுத்தும் தள்ளியும் மடிப்பைக் காப்பவை. புளிப்பு என்பது தண்ணீரில் ஹைட்ரஜன் அயனிகள் மிகுந்திருப்பது. அவை போய் ஒட்டிக்கொண்டால் இந்த இழுபறிக் கணக்கே மாறுகிறது. செம்பைப் பற்றியிருக்கும் அமினோ அமிலங்களின் பிடியும் தளர்கிறது. புளிப்பை பிஎச் என்ற அளவில் சொல்வார்கள். 7 என்றால் நடுநிலை, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம், ஒரு படி குறைந்தால் பத்து மடங்கு. நம் நொதிக்கு உகந்தது பெரும்பாலும் 5-க்கும் 7-க்கும் நடுவே. பாலின் பிஎச் 6.6 அளவில், நொதிக்கு மிகச் சௌகரியமான இடம். மோர் 4.5-ஐ ஒட்டியது, அங்கே நொதி திணறும். பாலை விட்டு மோரைப் பிடித்தவர்கள் பிஎச் பார்த்துப் பிடிக்கவில்லை, கறுப்பைப் பார்த்துப் பிடித்தார்கள். அதுவும் சோதனைதான்.

எலுமிச்சை இன்னும் கெட்டிக்காரி. பிஎச் 2-லிருந்து 2.5 வரை இறங்கிவிடும். அதிலுள்ள சிட்ரிக் அமிலம் செம்பைக் கவ்விக்கொள்ளும். வைட்டமின் சி, உண்டான குயினோனை மறுபடி பாலிபீனாலாகவே திருப்பிவிடும். ஆனால் வாழைப்பூப் பொரியலில் எலுமிச்சைப் புளிப்பு நாக்கில் துருத்தும், மோர்ப் புளிப்பு தெரியாது. சமையல் என்று வந்தால் நாக்கையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

புளிப்பு எல்லா நொதிக்கும் ஆகாது என்று நினைத்துவிடக் கூடாது. நம் இரைப்பையில் புரதத்தைச் செரிக்கும் பெப்சினுக்குப் பிஎச் 2 அளவில்தான் உற்சாகம். அதையே குடலின் காரச் சூழலுக்கு அனுப்பினால் படுத்துவிடும்.

வெறும் தண்ணீர் செய்வது வேறு காரியம். அது நொதியைத் தொடுவதே இல்லை, காற்றைத் தடுக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் மிகக் கொஞ்சம், அதனால் நொதி கச்சாப் பொருள் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீரை விட்டு எடுத்து வைத்துவிட்டுப் போன் பேசப் போனால் கத்தரிக்காய் கறுத்திருக்கும்.

கச்சாப் பொருள் குறைந்தால் வேலை குறையும் என்பது சரி. கூட்டிக்கொண்டே போனால் வேலை கூடிக்கொண்டே போகுமா? ஓர் எல்லை வரை கூடும். எல்லாக் குழிகளும் நிரம்பிவிட்டால், மேலும் கொட்டுவதால் பயனில்லை, வரிசைதான் நீளும். பெர்லினில் லியோனோர் மைக்கேலிஸும் கனடாவிலிருந்து வந்த மாட் மென்டன் என்ற பெண் மருத்துவரும் 1913-இல் இதைக் கணக்காக எழுதிவைத்தார்கள். இன்றும் உயிர்வேதியியல் மாணவர்களுக்கு அந்தச் சமன்பாட்டிலிருந்து தப்பிக்க வழியில்லை.

டீ கொதித்திருக்கும், கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள். அந்தச் செந்நிறத்தைப் பாருங்கள். நறுக்கிய கத்தரிக்காயைக் கறுக்க வைத்த அதே நொதியின் கைவண்ணம் அது. வாழைப்பூவில் நாம் ஓட ஓட விரட்டியதை, தேயிலையில் காசு கொடுத்து வரவழைக்கிறோம்.

தேயிலைக் கொழுந்தின் உலர் எடையில் ஏறத்தாழ கால் பங்கு பாலிபீனால்தான். நீலகிரியில் பறித்த கொழுந்தை முதலில் பல மணி நேரம் பரப்பி வாட்டுகிறார்கள். பிறகு பல் பதித்த உருளைகளுக்கு இடையே விட்டு நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிறார்கள். சிடிசி தூள் என்கிறோமே, அது இந்த உருளைகளிலிருந்து வருவது. நம் கத்தி ஓர் ஓரத்தில் செய்ததை, அந்த உருளைகள் இலை முழுவதும் செய்கின்றன. நசுங்கிய இலையைக் காற்றுப்பட விட்டால் பச்சை போய்ச் செம்பு நிறம் ஏறும். தியாஃபிளேவின் என்ற பொருள் பளிச்சென்ற பொன்சிவப்பையும் சுறுசுறுப்பான சுவையையும் தரும். நேரம் ஆக ஆக அது தியாரூபிஜின் போன்ற அடர்நிறப் பொருள்களுக்கு வழிவிடும், டிகாஷன் கறுக்கும், ஆனால் உயிர்ப்பு போய்விடும். சூடு அதிகமானால் இந்தச் சரிவு வேகமாக வரும். அதனால் அந்த அறையைக் குளுமையாக வைத்து, இலையின் நிறத்தையும் மணத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சரியான கணத்தில் அனல்காற்று உலர்த்திக்குள் தள்ளுவார்கள். நொதி அவிழ்ந்து, நிறம் அந்த இடத்தில் நின்றுவிடும்.

தேயிலை ஆலையில் இந்தக் கட்டத்துக்கு ஃபெர்மென்டேஷன் என்றே பெயர். ஆனால் மாவு புளிக்க வைக்கும் நுண்ணுயிர் எதற்கும் இங்கே வேலையில்லை, இலையின் சொந்த நொதிதான். நொதிக்கு உயிர் வேண்டாம் என்பது 1897-இல் எடுவர்ட் புக்னர் காட்டியது. ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்துப் பிழிந்தார், உயிருள்ள செல் இல்லாத அந்தச் சாற்றில் சர்க்கரையைக் கலந்தார், குமிழி விட்டுப் பொங்கியது. 1907-இல் நோபல் பரிசு வந்தது. கிரீன் டீயும் இதே செடியின் இலைதான். ஜப்பானில் பறித்த கையோடு ஆவியில் காட்டுகிறார்கள், சீனாவில் வாணலியில் வறுக்கிறார்கள், நொதி வேலை தொடங்குவதற்கு முன்பே முடங்கிவிடுகிறது.

இந்த நொதியின் நெருங்கிய உறவு ஒன்று நம் உடம்பிலும் இருக்கிறது, பெயர் டைரோசினேஸ், அதற்கும் நடுவே இரண்டு செம்பு அணுக்கள். தோலுக்கும் முடிக்கும் கருநிறம் தரும் மெலனினை அதுதான் தொடங்கிவைக்கிறது. சியாமீஸ் பூனையைப் பார்த்திருப்பீர்கள். உடம்பெல்லாம் வெளுப்பு, முகம், காது, பாதம், வால் மட்டும் கறுப்பு. அந்தப் பூனையின் டைரோசினேஸில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது, அதனால் பூனையின் உடற்சூட்டையே அந்த நொதியால் தாங்க முடிவதில்லை. உடம்பின் குளிர்ந்த ஓரங்களில் மட்டும் வேலை செய்கிறது. தாயின் கதகதப்பான வயிற்றிலிருந்து வரும் குட்டி முழு வெள்ளையாகப் பிறக்கிறது, பிறந்து சில நாளில் காது நுனியிலிருந்து கறுக்கத் தொடங்குகிறது. முதுகில் ஒரு திட்டு முடியை மழித்துவிட்டுப் பூனையைக் குளிரான இடத்தில் வைத்தால், அந்த இடத்தில் முளைப்பது கறுப்பு முடியாக இருக்கும்.